லண்டன் – நியூயார்க்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா? (கணக்கன், மேல்காற்று, டாக்ஸிவே என்ற மூவரின் உரையாடல்)

கணக்கன்: லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை பெருவட்டத் தூரம், அதாவது பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய தூரம், சுமார் 5,540 கி.மீ. ஜெட் வேகம் மணிக்கு 900. வகுத்தால் 6 மணி 9 நிமிடம். ஏறி இறங்க அரை மணி கூட்டினாலும் 6:40 தான். டிக்கெட்டில் எட்டு மணி நேரம் போடுகிறார்கள். தாமதமானாலும் "சரியான நேரத்துக்கு வந்தோம்" என்று காட்டிக்கொள்ளத்தானே இது?

மேல்காற்று: 900 என்பது காற்றுக்குள் விமானம் போகும் வேகம். தரைவேகம் வேறு. ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான உயர்மட்டக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. எதிரே 100 நாட், அதாவது 185 கி.மீ. இருந்தால் மிச்சம் 715. இப்போது வகுத்துப் பாருங்கள்: 7:45. அதே காற்று முதுகில் அடித்ததால்தான் 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 விமானம் ஜேஎஃப்கேயிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது.

கணக்கன்: போகும்போது இழப்பது வரும்போது கிடைத்துவிடுமே. சராசரிக்கு என் கணக்கு சரி.

மேல்காற்று: கிடைக்காது. போக 7:45, வர 5:06, மொத்தம் 12:51. காற்றே இல்லாவிட்டால் 12:19 போதும். எதிர்காற்றில் அதிக நேரம் பறக்கிறோம், பின்காற்றில் குறைவான நேரமே பறக்கிறோம். அதனால் இழப்புதான் எப்போதும் பெரிது.

டாக்ஸிவே: இருவரும் பறக்கும் நேரத்தைப் பேசுகிறீர்கள். டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம்: கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த கேட்டில் நிற்கும் வரை. திரும்பி வரும்போது ஜேஎஃப்கேயில் மாலை நெரிசலில் ரன்வேக்குப் போகவே அரை மணி ஆகலாம். கொஞ்சம் கூட்டிப் போடுவதும் உண்மைதான், அதில் கணக்கன் பக்கம் நிற்கிறேன். ஆனால் அந்த எட்டில் கூடுதலாகத் தெரிவதில் பெரும்பங்கு காற்றும், விமானம் தரையில் ஊர்ந்து போகும் டாக்ஸியும்தான்.

ரூட்டையும் மறக்காதீர்கள். அட்லாண்டிக் மேலே தடங்களைத் தினமும் காற்றைப் பார்த்து மாற்றி வரைகிறார்கள். மேற்கே போகிறவர்கள் ஜெட் ஸ்ட்ரீமைத் தவிர்க்கத் தூரம் கூடினாலும் வடக்கே ஒதுங்குவதுண்டு. வான்வெளி மூடினால் கதையே வேறு: ஹெல்சின்கி – டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடியபின் சுமார் 13. பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

கணக்கன்: அப்போ எதை நம்பி அடுத்த விமானம் பிடிப்பது?

மேல்காற்று: அதே மாதத்தில், அதே விமான எண் உண்மையில் கிளம்பி இறங்கிய நேரங்களை எடுங்கள். பத்து நாளாவது வேண்டும். சராசரி வேண்டாம், மோசமான இரண்டு மூன்று நாட்களைப் பாருங்கள். இறங்கிய நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழிக்கும்போது இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிக் கழியுங்கள். லண்டன் – நியூயார்க் வித்தியாசம் வழக்கமாக 5 மணி. மார்ச்சில் அமெரிக்கா முன்னதாகவே கடிகாரத்தை மாற்றுவதால் சில வாரம் 4 தான். அங்கே ஒரு மணி நேரம் தப்பாகப் போடுகிறவர்கள் நிறைய.

கணக்கன்: வடக்கு – தெற்கு ரூட்டில் என் கணக்கு நிற்கிறதே? லண்டன் – ஜோகன்னஸ்பர்க் 9,070 கி.மீ., ஏறி இறங்கும் அரை மணியும் சேர்த்து எனக்கு 10:35 வருகிறது. அட்டவணையில் சுமார் 11.

டாக்ஸிவே: நிற்கும். அங்கே காற்று பெரும்பாலும் பக்கவாட்டில். மிச்ச 25 நிமிடம் டாக்ஸி.