புதுப்பிப்பு: தியத்தலாவைப் பக்கம் கிடைத்த இரண்டு பழைய இராணுவத் தண்ணீர்ப் போத்தல்கள்

இரண்டும் அமெரிக்காவுடையவை என்று முதலில் போட்டது பிழை. ஒன்றுதான் அமெரிக்கா.

காக்கிக் கம்பளி உறை போட்ட போத்தலில் காந்தம் இறுக ஒட்டியது. உறையின் தையல் விட்ட இடத்தில் நீல எனாமல், வாயில் தக்கை. பிரித்தானிய வகை, கொள்ளளவு 2 பைந்த், அதாவது சுமார் 1.1 லீற்றர். மற்றது அலுமினியம்: காந்தம் ஒட்டாது, சங்கிலியில் திருகு மூடி, அடியில் யூ.எஸ். முத்திரையும் ஆண்டும். அது 1 குவாட், சுமார் 950 மில்லி. சந்தேகமென்றால் வெறுமையாகவும் நிரப்பியும் நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் கிராமில் வந்தால் அதுவே மில்லி.

அம்புக்குறி (பிரித்தானிய அரச உடைமைக்குக் குத்தும் முத்திரை) கண்டதும் இங்கிலாந்து என்று முடிவு கட்டாதீர்கள். அம்பு 'சி'க்குள் இருந்தால் கனடா, இரண்டு 'டி'க்கு நடுவே என்றால் அவுஸ்திரேலியா, கீழே 'ஐ' என்றால் இந்தியா. போத்தலைத் தொங்கவிடும் வாரில் உள்ள ஆண்டு வாருக்குத்தான், வார் மாறியிருக்கலாம்.

கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், முத்திரையே தேய்ந்துவிடும். வெந்நீர், சவர்க்காரம், பழைய பல் பிரஷ் போதும். எனாமல் உதிர்ந்ததில் தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்துக்கு உள்ளே துரு சீக்கிரம் ஏறும்.