மழை நாளில் வந்த வயிற்று வலி

எங்கள் வீடு சென்னை வேளச்சேரியில், தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மகனுக்கு 5 வயது. கட்டில் கால் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மாடி வீட்டுக்காரர்களோடு தங்கியிருந்தோம். வீடு காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

2024 அக்டோபரில் மறுபடி கனமழை எச்சரிக்கை. எங்கள் பகுதி ஆட்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு அவனுக்கு வயிற்று வலி. மறுநாளும் வலி. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்றார் மாமியார். ஆனால் அன்று பள்ளிக்கே லீவு! டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை. "பையன் எதையாவது நினைச்சுப் பயப்படுறானா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் "பயப்படாதே, தண்ணி வராது" என்பதுதான். நூறு முறை சொல்லியிருப்பேன். தலையாட்டிவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவான். எதிரில் உட்காரவைத்து "என்ன பயம், அம்மாகிட்ட சொல்லு" என்றால் வாயே திறக்கமாட்டான்.

பூண்டு உரிக்கும்போதுதான் வழி பிறந்தது. இருவர் கண்ணும் முறத்தில். "வலி எவ்வளவு பெருசுடா?" என்று கேட்டேன். ஒரு பல்லைக் கையில் வைத்துப் பார்த்து, "இதைவிடப் பெருசு. தேங்காய் மாதிரி" என்றான். "தேங்காய்க்குள்ள என்ன இருக்கு?" கொஞ்ச நேரம் பூண்டுத் தோலை ஊதிக்கொண்டிருந்தான். அப்புறம், "அப்பா பால் வாங்கப் போனா திரும்பி வரமாட்டாங்க."

என் கை நின்றுவிட்டது. புயலன்று என் வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் பால் தேடிப் போய், மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தார். பால் கிடைத்த சந்தோஷத்தில் நாங்கள் அதை மறந்தே போனோம். பத்து மாதமாகப் பிள்ளை அதைச் சுமந்திருக்கிறான். நான் தண்ணீருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"அன்னைக்கு எனக்கும் பயமா இருந்துச்சுடா" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "உனக்குமா?" ராத்திரி அப்பாவும் கூட உட்கார்ந்தார். மழைக்கு முன்பே பால் பவுடர் வாங்கி வைத்துவிடுவது என்று மூவரும் முடிவு செய்தோம். டப்பாவை மேல் அலமாரியில் அவனே வைத்தான். இப்போதும் மழை இருட்டினால் வலி வரும். "இன்னைக்கு எலுமிச்சைதான்மா" என்பான்.

* * *

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 2005 ஜனவரி ஞாபகம் வந்துவிட்டது அக்கா. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டம். பிள்ளைகள் அழவில்லை, பேசவும் இல்லை. ஆனால் "அலை வருது, ஓடு" என்று கத்திக்கொண்டு மணல் மேட்டுக்கு ஓடும் விளையாட்டு, நாள் முழுக்க அதுதான். பெரியவர்களுக்குத் தாங்கவில்லை, அதட்டி நிறுத்தப் பார்த்தார்கள். அங்கே வந்த மனநல மருத்துவர்தான், விடுங்கள், அவர்கள் பேசுவதே இப்படித்தான் என்றார்.

ஒரு சிறுமி மட்டும் ஓடமாட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் கேட்காமல் மணலில் வீடு கட்டினேன். நாலாம் நாள் வாயைத் திறந்தாள். வாசலை மாற்றி வைக்கச் சொன்னாள், கடலைப் பார்க்காத பக்கமாக.