பாலக்கோடு: கடல்மீன் தொட்டியில் நைட்ரேட் இறங்கவே மாட்டேன் என்கிறது. வாரா வாரம் தண்ணீர் மாற்றியும் ஏன்?

பாலக்கோட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். தொட்டி விவரம் முதலில். 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம். பாறையும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) இல்லை. ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி), பின்பக்கம் தொங்கும் ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை இழுக்கும் கருவி), இரண்டு வேவ்மேக்கர் (நீரோட்ட பம்ப்). லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல்பாறை) 18 கிலோ, மணல் 3 சென்டிமீட்டர். மீன்கள்: க்ளவுன் 2, டாம்செல் 3, ப்ளூ டேங் 1, ஃபாக்ஸ்ஃபேஸ் 1. பவளம் எதுவும் இல்லை.

அம்மோனியா 0, நைட்ரைட் 0. கழிவு கடைசியாக மாறி நிற்கும் நைட்ரேட் மட்டும் சோதனைக் கிட்டின் நிறக் கார்டில் 50-க்கும் 100-க்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு மாதமாக வாரம் 40 லிட்டர் தவறாமல் மாற்றுகிறேன். மாற்றிய மறுநாளும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டு போர் தண்ணீரை வீட்டு ஆர்ஓ மெஷினில் பிடித்து உப்புக் கலக்கிறேன். தீனி ஒரு நாளைக்குச் சுமார் 1.5 கிராம் பெல்லட், இடையிடையே உறைந்த மைசிஸ் (பொடி இறால் போன்ற தீனி). அடுத்து சின்னதாக ஒரு காளான் பவளமாவது வைக்க ஆசை. எங்கே தப்பு நடக்கிறது?

ஓசூர்_உப்புநீர்:

தொட்டியை அப்புறம் பார்ப்போம். முதலில் உப்புப் போடாத உங்கள் ஆர்ஓ தண்ணீரை அதே நைட்ரேட் கிட்டில் சோதியுங்கள். நன்னீருக்கும் கடல்நீருக்கும் தனித்தனி நிற அட்டை இருக்கும் கிட் என்றால் நன்னீர் அட்டையோடு ஒப்பிட வேண்டும்.

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் என்றாலே எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். சுற்றிலும் தக்காளித் தோட்டம். வயலுக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொண்டது போக மீதி நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு அப்படியே போய்விடும். குடிநீருக்கே இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற தண்ணீரிலேயே 40 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருக்கலாம். கடல் தொட்டிக்கு அது அதிகம்.

நம் மாவட்டங்களில் தண்ணீர் என்றால் எல்லாரும் ஃப்ளோரைடைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். தொட்டியைப் பொறுத்தவரை அது இரண்டாம் பட்சம். இயற்கைக் கடல்நீரிலேயே சுமார் 1.3 பிபிஎம் ஃப்ளோரைடு உண்டு.

அடுத்து உங்கள் ஆர்ஓ மெஷின். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, மெம்பிரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் யூஎஃப் (நுண்துளை வடிகட்டி) குழாய் வழியாகக் கொண்டுவந்து சுத்தத் தண்ணீரோடு கலக்கும். யூஎஃப் கிருமியைத் தடுக்கும், கரைந்த நைட்ரேட்டைத் தடுக்காது. கார்பன் ஃபில்டரும் தடுக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஆவியானது போக மீதியில் நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும். அந்த வால்வை முழுக்க மூடிவிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடித்துச் சோதியுங்கள்.

தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் முறையும் முக்கியம். 50-க்கு மேலே சிவப்புக்கும் அடர்சிவப்புக்கும் கண் ஏமாறும். 1 பங்கு தொட்டித் தண்ணீர், 4 பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து சோதித்து, வரும் எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். ஏபிஐ கம்பெனி கிட் என்றால் இரண்டாம் பாட்டிலை 30 வினாடி பலமாகக் குலுக்க வேண்டும், சொட்டு விட்ட பின் குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும், 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த பாட்டிலில் பொடி அடியில் தங்கும். குலுக்காமல் விட்டால் அளவு குறைவாகக் காட்டும். இன்னொன்று, சில கிட்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். அதை 4.43-ஆல் பெருக்கினால்தான் நாம் பேசும் எண் வரும்.

பாலக்கோட்டான்:

நன்றி அண்ணா. சோதித்துவிட்டேன்.

போர் தண்ணீர்: டிடிஎஸ் 1150, நைட்ரேட் சுமார் 100.
ஆர்ஓ, வால்வு திறந்தபடி (இத்தனை நாள் பிடித்தது இதுதான்): டிடிஎஸ் 310, நைட்ரேட் சுமார் 30.
ஆர்ஓ, வால்வு மூடிய பின்: டிடிஎஸ் 60, நைட்ரேட் சுமார் 10.
தொட்டி, நீர்த்துச் சோதித்தது: சுமார் 80.

அரூரான்:

கணக்கு இப்போது தானே பேசுகிறது, பாருங்கள்.

ஒரே அளவு தண்ணீரை வாரா வாரம் மாற்றிக்கொண்டே இருந்தால் நைட்ரேட் கடைசியில் ஓர் எண்ணில் போய் நிற்கும். அந்த எண் = ஊற்றும் தண்ணீரில் உள்ள நைட்ரேட் + (ஒரு வாரத்தில் தொட்டியில் ஏறும் நைட்ரேட் ÷ மாற்றும் பங்கு). நீங்கள் மாற்றுவது 200-இல் 40, அதாவது 0.2. ஊற்றுவது 30. தொட்டி 80-இல் நிற்கிறது. அப்படியானால் வாரத்துக்கு ஏறுவது 10. 30 + (10 ÷ 0.2) = 80. இன்னும் பத்து வருஷம் இதே முறையில் மாற்றினாலும் 80-தான்.

அந்த 10 எங்கிருந்து வருகிறது? தீனி. புரதத்தில் எடையில் 16 சதவீதம் நைட்ரஜன். 45 சதவீதப் புரதம் உள்ள பெல்லட் 1 கிராமில் 0.072 கிராம் நைட்ரஜன். அது முழுக்க நைட்ரேட்டானால் 0.32 கிராம். 200 லிட்டரில் அது 1.6 பிபிஎம். தினம் 1.5 கிராம் என்றால் வாரத்துக்கு 17 வரை ஏறலாம். மீனின் உடம்பில் சேர்வது, ஸ்கிம்மர் இழுப்பது, பாறைக்குள் நடக்கும் நைட்ரேட் நீக்கம் இதெல்லாம் போக 10 மிஞ்சுகிறது. நியாயமான எண்தான், தொட்டியில் மர்மம் ஒன்றும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. ஆர்ஓ வால்வு மூடியே இருக்கட்டும். வெளிவரும் குழாயில் மிச்ச அயனிகளையும் பிடித்துக்கொள்ளும், நிறம் மாறும் டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்று சேருங்கள். 60 டிடிஎஸ் 0 ஆகும், மிச்சம் 10 நைட்ரேட்டும் போகும். மெஷினில் மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதற்கு முன்பே குழாயைப் பிரித்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது கரைத்துவிடும் சுண்ணாம்பையெல்லாம் ரெசின் வீணாகச் சுமக்கும்.

பிறகு 4 நாளுக்கு ஒருமுறை 50 லிட்டர். தீனியால் ஏறுவதை விட்டுப் பார்த்தால் 80, 60, 45, 34, 25 என்று நாலே தடவையில் இறங்கும். இதே நாலு தடவையைப் பழைய 30 பிபிஎம் தண்ணீரில் செய்திருந்தால் 46-இல்தான் நின்றிருப்பீர்கள். ஒரே நாளில் 150 லிட்டரை மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நைட்ரேட் வேகமாகக் குறைவதைவிட, இப்படி நைட்ரேட் ஏறி நின்ற தொட்டியில் காரத்தன்மையும் பிஹெச்சும் இறங்கியிருக்கும், அவை ஒரேயடியாகத் தாவுவதுதான் மீனை அடிக்கும்.

50 லிட்டருக்கு உப்பு சுமார் 1.8 முதல் 1.9 கிலோ. மூடியுள்ள டிரம்மில் பம்ப் போட்டு ஒரு நாள் சுற்றவிட்டு, உப்பின் அடர்த்தி 1.025 வருகிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, வெப்பம் சமமான பின் ஊற்றுங்கள். மணிக்கு 12 லிட்டர் தரும் மெஷினில் 50 லிட்டருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின நாளே பிடிக்கத் தொடங்குங்கள். கழிவுக் குழாயில் வருவதைத் தரை கழுவப் பயன்படுத்தலாம். ஆனால் தொட்டியிலிருந்து எடுக்கும் உப்புத் தண்ணீர் தென்னைக்கோ செடிக்கோ போகவே கூடாது.

தீனியை ஒரு கிராமாகக் குறையுங்கள். மைசிஸை உறைந்த கட்டியாகவே போடாமல், வலைக்கூடையில் ஆர்ஓ தண்ணீர் விட்டு அலசி, அந்தச் சாற்றைக் கொட்டிவிடுங்கள். டேங்குக்கும் ஃபாக்ஸ்ஃபேஸுக்கும் நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டலாம். மூன்று மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

பாறையடி:

மேலே சொன்ன இரண்டும் சரி. கேனிஸ்டரை யாரும் தொடவில்லையே, அதனால் அதை நான் சொல்கிறேன்.

"கேனிஸ்டர் நைட்ரேட் தயாரிக்கும் தொழிற்சாலை" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். செராமிக் வளையங்கள் தாமாக நைட்ரேட் செய்வதில்லை. அம்மோனியா எங்கே மாறினாலும் நைட்ரேட் அதே அளவுதான் வரும். பிரச்சினை, அழுக்கு அங்கே அடைபட்டு அழுகுவது. தின்னாத பெல்லட் ஸ்பாஞ்சில் மாட்டிக்கொண்டால் அது தொட்டியை விட்டுப் போகவில்லை, கண்ணை விட்டு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நன்னீர்த் தொட்டிபோல மாதம் ஒரு தடவை திறந்தால் போதாது. ஃபில்டர் பஞ்சை 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழியுங்கள். 18 கிலோ லைவ் ராக் இருப்பதால் வளையங்களைக் குறைக்கலாம். வாரத்துக்குக் கால் பங்கு வீதம் எடுங்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் அம்மோனியா பாருங்கள்.

தண்ணீர் மாற்றும்போது சிஃபனை மணலில் விடுங்கள், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பகுதி மட்டும். பாறைக்குப் பின்னால் வேவ்மேக்கர் நீரோட்டம் படாத மூலையில் சாம்பல் நிறத் தூள் குவிந்திருக்கும். ஒரு சின்ன பம்பைக் கையில் பிடித்து அதைக் கிளப்பி, மிதக்கும்போதே உறிஞ்சுங்கள். ஸ்கிம்மர் கோப்பையின் கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும்.

கடையில் நன்னீருக்கான நைட்ரேட் ரெசின் பையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கடல்நீரில் உள்ள குளோரைடும் சல்ஃபேட்டும் அதை முதல் நாளே நிரப்பிவிடும். மணிபிளான்ட் வேரைத் தொங்கவிடுவதும் இங்கே நடக்காது, உப்பில் அழுகிவிடும். அதற்குப் பதில் நைட்ரேட்டை உறிஞ்சி வளரும் கீட்டோ பாசி. சம்ப் இல்லாததால் பின்பக்கம் தொங்கும் பெட்டி ஒன்றில் ஒரு கைப்பிடி வைத்து, இரவில் 10 முதல் 12 மணி நேரம் விளக்குப் போடுங்கள். தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் பாசி வளர்ந்தால் இரவில் பிஹெச் இறங்குவதும் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை அறுத்து வெளியே எறிந்தால்தான் நைட்ரேட் வெளியேறும். அறுக்காமல் விட்டால் அடியில் அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். பிரதான தொட்டியில் போடாதீர்கள், டேங்கும் ஃபாக்ஸ்ஃபேஸும் ஒரே நாளில் தின்றுவிடும்.

பாலக்கோட்டான்:

ரெசின் கார்ட்ரிட்ஜ் பெங்களூரிலிருந்து வருகிறது. அதுவரை வால்வு மூடிய தண்ணீர்தான். வினிகர் ஊற்றினால் நைட்ரேட் 5-க்குக் கீழே போகும் என்கிறார்களே, அதை இப்போதே தொடங்கலாமா?

ஓசூர்_உப்புநீர்:

இப்போது வேண்டாம். தண்ணீர் மாற்றி 25-க்கு வந்த பிறகு, காளான் பவளம் வைக்கும் எண்ணம் உறுதியானால் தொடங்குங்கள். அந்தப் பவளத்துக்கு 10 முதல் 20 வரை இருந்தால் தாராளம். பூஜ்யத்தைத் துரத்தினால் அது சுருங்கி வெளுத்துப்போகும்.

முறை இதுதான். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் பாக்டீரியாவுக்கு உணவு. அவை பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஸ்கிம்மர் அவற்றை நுரையோடு வெளியே தள்ளும். ஸ்கிம்மர் பலவீனமாக இருந்தால் வினிகரே கூடாது. மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமில்லாத வெள்ளை வினிகர் போதும். கேரமல் நிறம் சேர்த்தது, பழ வினிகர் எதுவும் வேண்டாம். 200 லிட்டருக்கு முதல் வாரம் தினம் 2 மில்லி. அந்தத் தினசரி அளவை வாரத்துக்கு 2 மில்லி மட்டும் ஏற்றுங்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கிய வாரத்திலேயே ஏற்றுவதை நிறுத்துங்கள். வேண்டிய எண் வந்ததும் பாதியாகக் குறைத்து அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையில், விளக்கு எரியும்போது, ஸ்கிம்மர் உறிஞ்சும் இடத்தருகே மெதுவாக விடுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக ஊற்றக் கூடாது.

தண்ணீர் பால்போல மங்கினால் பாக்டீரியா எல்லை மீறிவிட்டது என்று பொருள். அன்றே நிறுத்தி, ஏர் பம்ப் போட வேண்டும். மீன் சாவது நைட்ரேட்டால் அல்ல, இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால். கோடையில் தொட்டி 30 டிகிரிக்கு ஏறும்போது கரையும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அந்த நேரத்தில் இரவு கரண்ட் போனால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு வேவ்மேக்கரை இன்வர்ட்டரில் இணைக்காமல், அல்லது பேட்டரி ஏர் பம்ப் வாங்காமல், வினிகர் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

பாஸ்பேட்டையும் சேர்த்துப் பாருங்கள். 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். அது பூஜ்யமானால் பாக்டீரியா வளராது. நைட்ரேட் ஒரே இடத்தில் நிற்கும். வினிகர் போதவில்லை என்று நினைத்து அளவை ஏற்றுவார்கள், அதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து.

அரூரான்:

எனக்கு வினிகரே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஊற்றும் தண்ணீர் 0, தீனி குறைந்து வாரத்துக்கு ஏறுவது 5, வாரம் மாற்றுவது 50 லிட்டர் என்று போட்டுப் பாருங்கள்: 5 ÷ 0.25 = 20. இந்த மீன்களுக்கும் ஒரு காளான் பவளத்துக்கும் அதற்கு மேல் என்ன வேண்டும்? கீட்டோ பெட்டி சேர்ந்தால் 10-ஐத் தொடும்.

ரெசின் வந்ததும் வெளிவரும் குழாயில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 0-இலிருந்து 1, 2 என்று ஏறத் தொடங்கும் நாளில் ரெசினை மாற்றிவிடுங்கள், நிறம் முழுக்க மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மெம்பிரேனுக்கு முன்னால் பூஸ்டர் பம்ப் சரியான அழுத்தம் தருகிறதா என்றும் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் முதலில் நழுவுவது நைட்ரேட் போன்ற ஒற்றை மின்னூட்ட அயனிகள்தான். வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் அதையும் ஒரு தடவை கிட்டில் சோதியுங்கள். நைட்ரேட் போரைவிடக் குறைவாக இருந்தால் அதையே ஆர்ஓவுக்குக் கொடுங்கள், ரெசின் நீண்ட நாள் உழைக்கும். குளோரின் கலந்து வரும் என்பதால் கார்பன் ஃபில்டரை மட்டும் காலாவதியாக விடாதீர்கள். குளோரின் தப்பிப் போனால் மெம்பிரேன் பொத்தலாகிவிடும்.