வெனிஸுக்கு ஒரு நாள் போதும் என்பவர்கள் அந்த நாலு குதிரைக்குப் பதில் சொல்லட்டும்

கல்மண்டபம்:
பக்கத்து இழையில் ஊர்சுற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "வெனிஸுக்கு ஒரு நாள் தாராளம். மார்க் தேவாலயத்து வெண்கலக் குதிரைகளைச் சதுக்கத்தில் நின்றே பார்த்துவிடலாம், மாடிக்குக் காசு கொடுத்து ஏற வேண்டாம்" என்கிறார். ஐயா, வெளியே நிற்பவை நகல்! காற்று மாசு அரிக்கிறது என்று மூலக் குதிரைகளை எப்போதோ உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். 1204-ல் நான்காம் சிலுவைப் போரில் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடி அள்ளி வந்தவை அவை. 1797-ல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோக, 1815-ல் திரும்பி வந்தன. அவற்றைப் பார்க்காமல் வெனிஸைப் பார்த்தாச்சு என்று ஊருக்கு வழி சொல்வதா?

ஊர்சுற்றி:
வந்துட்டாரய்யா! குடும்பத்தோடு போகிறவர், கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதில் அது. சாந்தா லூசியா ரயிலடியில் இறங்கி 1-ஆம் எண் படகு ஏறினால் பெரிய கால்வாய் முழுக்க இரண்டு கரையும் பார்த்துக்கொண்டே போகலாம். ரியால்டோ பாலம், சதுக்கம், அந்தக் காலத்து ஆட்சித்தலைவரான டோஜின் மாளிகை, பெருமூச்சுப் பாலம், மணிக்கூண்டு. சாயங்காலம் சந்துகளில் நடை. இதில் என்ன குறை? கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு நகல் எது, மூலம் எது?

கல்மண்டபம்:
அதைத்தான் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாது. செங்குத்தான கல்படியில் மூச்சு வாங்க ஏறி உள்ளே போனால், கைக்கெட்டும் தூரத்தில் நாலும் நிற்கும். தங்க முலாமின் மேல் நெடுக்கக் கோடு கோடாகக் கீறல் தெரியும். கழுத்துப் பட்டை தெரியும். தலைகளை உடம்போடு ஒட்டிய இடத்தை மறைக்கத்தான் அந்தப் பட்டை என்பார்கள். வெளியே நிற்பதில் இதெல்லாம் உண்டா? நுனிப்புல் மேய்ந்துவிட்டு வந்து பாடம் நடத்தக் கூடாது.

மிலான் மருமகள்:
இரண்டு பேரும் குதிரையை விட்டு இறங்குங்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் வெனிஸுக்குக் கூட்டிப்போவது நான்தான். பகல் பொழுதுக்கு மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25-லிருந்து குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள் என்று ஊர்சுற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? முதல் வருஷம் 29 நாள், 5 யூரோ. அடுத்த வருஷம் 54 நாள், கடைசி நேரத்தில் பதிந்தால் 10 யூரோ. குடும்பத்தோடு போகிறவருக்கு இதைச் சொல்லாமல் என்ன வழிகாட்டல்?

ஊர்சுற்றி:
நான் ஒரு பைசா கொடுக்கவில்லை மேடம். யாரும் கேட்கவும் இல்லை.

மிலான் மருமகள்:
நீங்கள் மெஸ்த்ரேயில் ரூம் போட்டிருந்தீர்கள், அதே இழையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான். அங்கே இரவு தங்கினால் கட்டணம் கிடையாது. ஆனால் இணையத்தில் பதிந்து விலக்குச் சீட்டு எடுத்து வைத்திருக்க வேண்டும். மிலானிலிருந்து காலையில் வந்து ராத்திரி திரும்புகிறவருக்கு உங்கள் கணக்கு உதவாது. தீவு நகரத்தில் குடியிருப்பவர்கள் 50,000-க்கும் கீழே போய்விட்டார்கள். அவர்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதற்குப் பேர் சுற்றுலாவா?

ஊர்சுற்றி:
ஒரு நாள் மட்டும் வருகிறவன் என்றால் உங்களுக்கெல்லாம் இளக்காரம். லீவு கிடைப்பதே பெரிய பாடு. இரண்டு நாள் தங்கு, மூன்று நாள் தங்கு என்று சொல்கிறவர்கள் யாரும் ஹோட்டல் பில் கட்டப்போவதில்லை.

கல்மண்டபம்:
கட்டணத்தைப் பற்றித் தனி இழை போடுங்கள் சகோதரி. இங்கே பேச்சு குதிரையைப் பற்றி. ஊர்சுற்றி இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. உள்ளே போனீர்களா, இல்லையா?

தாமிரபரணிக்காரன்:
நடுவே நுழைவதற்கு மன்னிக்கணும். கல்மண்டபம் அண்ணாச்சி, நகல் கணக்கில் சேராது என்றால் ஒரு கேள்வி. சதுக்கத்து மணிக்கூண்டு 1902 ஜூலை 14-ல் அப்படியே சரிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே இடத்தில் அதே மாதிரி திரும்பக் கட்டி 1912-ல் திறந்தது, உள்ளே லிஃப்ட்கூட இருக்கிறது. போன மாதம் நீங்கள் அதன் உச்சியில் நின்று எடுத்த படத்தைப் போட்டு "வெனிஸின் உயிர்" என்று எழுதினீர்கள். அது மட்டும் உயிர், குதிரை மட்டும் நகலா?

ஊர்சுற்றி:
அப்படிக் கேளுங்க!

கல்மண்டபம்:
தம்பி, இரண்டும் ஒன்றில்லை. மணிக்கூண்டு விழுந்துவிட்டது, மூலம் இல்லவே இல்லை, அதனால் கட்டினார்கள். குதிரைகளுக்கு மூலம் முழுசாக இருக்கிறது. அதே கட்டடத்துக்குள், நகலுக்குப் பின்னாலேயே இருக்கிறது! மாடி வரை ஏறினால் போதும் என்ற இடத்தில் இருப்பதைப் பார்க்காமல் வருவதைத்தான் குற்றம் என்கிறேன். பாரிஸ் இழையிலும் ஊர்சுற்றி இதே வேலையைத்தான் செய்தார். லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடு முன்னால் படம் எடுத்துக்கொண்டு லூவர் பார்த்தேன் என்று எழுதினார். அன்றைக்குச் சும்மா விட்டேன்.

ஊர்சுற்றி:
சும்மா விட்டீர்களா? மூன்று பக்கத்துக்கு இழுத்து இழையையே பூட்ட வைத்தீர்கள். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

தாமிரபரணிக்காரன்:
அண்ணாச்சி, இன்னொன்று. அந்தக் குதிரைகளே கான்ஸ்டான்டிநோபிளில் திருடியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்போ அவை எப்படி வெனிஸின் அடையாளம் ஆகும்? வெனிஸ் செய்ய வைத்த நகல்தான் வெனிஸுக்குச் சொந்தமான குதிரை என்று நான் வாதாடலாமே.

கல்மண்டபம்:
விதண்டாவாதம். புனித மார்க்கின் எலும்பையே 828-ல் அலெக்சாந்திரியாவிலிருந்து கடத்தி வந்துதான் அந்தத் தேவாலயத்துக்கு அடிபோட்டார்கள். கடல் தாண்டி அள்ளி வந்த பொருளில் நிமிர்ந்து நின்ற ஊர் அது. அந்த வரலாற்றைக் கண்முன்னால் காட்டுவது அந்த நாலு குதிரைதான். மற்றதைப் படத்தில் பார்க்கலாம், அதை நேரில் பார்க்க வேண்டும்.

பெட்டிக்கடை:
சார், நாங்கள் அஞ்சு பேர் போகிறோம். கோண்டோலா எவ்வளவு ஆகும்? அதை யாராவது சொல்லுங்களேன்.

மிலான் மருமகள்:
பகலில் 30 நிமிஷத்துக்கு 90 யூரோ, நகராட்சி வைத்த விலை. தலைக்கு இல்லை, படகுக்கு. அஞ்சு பேர் ஏறலாம். ராத்திரியில் கூடும். ஏறும் முன்னாலேயே நேரத்தையும் விலையையும் பேசிக்கொள்ளுங்கள். கால்வாயின் அக்கரைக்குப் போக மட்டும் என்றால் திராகெத்தோ என்ற அக்கரைப் படகு இருக்கிறது, 2 யூரோ.

ஊர்சுற்றி:
படகு பஸ்ஸில் 75 நிமிஷ டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேரத்துக்கு 25. மூன்று தடவை ஏறினாலே லாபம். ஒரு நாள் போகிறவனுக்கு வேண்டியது இந்த விவரம்தான், குதிரைக் கழுத்துப் பட்டை இல்லை. அந்த டிக்கெட்டிலேயே புரானோ தீவுக்கும் போய்விட்டு வரலாம்.

மிலான் மருமகள்:
புரானோவா? ஃபொந்தமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து போக மட்டும் முக்கால் மணி நேரம். வரிசையில் நிற்பது தனி. ஒரே நாளில் அதையும் திணித்தால் டோஜ் மாளிகைக்குள் ஓடத்தான் வேண்டும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையாக உங்களை நம்பி யாரும் இறங்காமல் இருந்தால் சரி.

ஊர்சுற்றி:
நான் போனேன் மேடம். படம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு வண்ணம், வாசலில் காயப்போட்ட துணி எல்லாம் இருக்கிறது. ஓடவும் இல்லை.

கல்மண்டபம்:
புரானோவில் துணி காய்வதைப் பார்க்கப் போகவர ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறது. தேவாலய மாடிக்கு அரை மணி நேரம் இல்லையாம். நேரம் இல்லை என்ற சாக்கு இத்தோடு செத்தது. இப்போதாவது சொல்லுங்கள், உள்ளே போனீர்களா?

தாமிரபரணிக்காரன்:
அண்ணாச்சி விட மாட்டார் போல.

ஊர்சுற்றி:
நானும் விடுவதாக இல்லை. ஒரு நாள் போதும் என்றேன், இன்னமும் அதையேதான் சொல்கிறேன். இவ்வளவு பேசுகிறவர் தலைப்பதிவில் நான் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டாரே, "வெண்கலக் குதிரை" என்று, அதைத் திருத்தினாரா? அது கிட்டத்தட்ட முழுக்கச் செம்பு.

கல்மண்டபம்:
அது உங்கள் வாக்கியம். உங்கள் தப்பை நான் எதற்குத் திருத்த வேண்டும்? பேச்சை மாற்றாதீர்கள்.

ஊர்சுற்றி:
கைக்கெட்டும் தூரத்தில் நின்று கீறல் வரைக்கும் பார்த்தவர், செம்பு என்பதை மட்டும் ஏன் சொல்லவில்லை? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் நான் மாடி ஏறினேனா இல்லையா என்று பார்க்கலாம்.