போர்க்கப்பல் சிதைவு ஆய்வு: முதலில் எதைப் படிப்பது?

வணக்கம். வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டேன். உலகப் போர்களில் மூழ்கிய கப்பல்களை ஆராயும் கடல்சார் தொல்லியலுக்குப் போக ஆசை. எங்கே தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

ஸ்கூபா பயிற்சியை முதலில் முடிக்கச் சொல்கிறார் ஒருவர். இன்னொருவரோ, ஆழத்தில் கிடப்பவற்றுக்கு சோனாரும் ரோபோவும்தான் இறங்குகின்றன, கடற்படை ஆவணங்களைப் படிக்கக் கற்றுக்கொள் என்கிறார். எனக்கும் காகிதம்தான் பிடிக்கும். (தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம், அது வேறு கதை.)

சட்டமும் படிக்க வேண்டும் போலிருக்கிறது. யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, குறைந்தது 100 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்தவற்றைத்தான் காக்கிறது. 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவுக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் அந்த வரம்புக்குள் இன்னும் வரவில்லை. நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறைகள் அவை. அவற்றையே பழைய உலோகத்துக்காகத் திருட்டுத்தனமாக அறுத்திருக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். டைவிங் சான்றிதழ் இல்லாமல் இந்தத் துறையில் முழுநேர வேலை கிடைக்குமா? அருங்காட்சியகத்திலோ கடலடி நில அளவை நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்கள் இருந்தால், முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள். அப்புறம், ஜெர்மன் கற்பதா ஜப்பானிய மொழி கற்பதா?