கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்வதா, டேங்க் பிரின்டருக்கு மாறுவதா?

தஞ்சை டீச்சர்:
வீட்டிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். கேள்வித்தாள், குறிப்பு என்று மாதம் முந்நூறு பக்கம் சாதாரணமாகப் போகும். இருப்பது சின்ன கார்ட்ரிட்ஜ் போடும் இங்க்ஜெட். "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டில் மையை நேராகத் தொட்டியில் ஊற்றும் டேங்க் பிரின்டர் வாங்குங்கள்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக ஓடும் மெஷினைக் குப்பையில் போட்டுவிட்டு, கழிவைக் குறைத்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் ரீஃபில் செய்கிறேன். கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரை உரித்தால் சின்ன ஓட்டை தெரியும். சிரிஞ்ச் ஊசியை உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் இறக்கி, மெதுவாக, காற்றுக்குமிழி வராமல் மை ஏற்ற வேண்டும். மேலே கசிந்தால் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அடிப்பக்கத்தை டிஷ்யூவில் ஒற்றிப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் ஒரே பட்டையாக, கலர் என்றால் மூன்று நிறமும் தனித்தனிக் கோடாகப் பதிய வேண்டும். பதிந்தால் வேலை முடிந்தது. மை தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை காட்டும். கேனான் கார்ட்ரிட்ஜ் மாடல்களில் ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அது விலகிவிடும். முக்கியமான ஒன்று, மை சுத்தமாகத் தீரும்வரை காத்திருக்கக் கூடாது. எழுத்து வெளுக்க ஆரம்பித்ததுமே நிரப்பிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புதுசு வாங்கிக் காலியைக் குப்பைத்தொட்டியில் போடுவது அநியாயம்.

மைக்குப்பி:
டீச்சர், உங்கள் அக்கறை சரி, கணக்குதான் இடிக்கிறது. சின்ன கறுப்பு கார்ட்ரிட்ஜ் பலவற்றில் கம்பெனியே சொல்லும் அளவு 120 பக்கம். விலை 800 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறரை ரூபாய்க்கு மேல். டேங்க் பிரின்டரில் 65 மில்லி கறுப்பு பாட்டில் ஒன்று 4,500 பக்கம் வரை வரும் என்கிறார்கள். பாட்டில் 400 ரூபாய் என்றாலும் பக்கத்துக்கு 9 பைசா. நீங்கள் ரீஃபில் செய்து செலவைக் குறைத்துவிடுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வகைக் கார்ட்ரிட்ஜில் பிரின்ட் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே இருக்கிறது. மையைச் சூடாக்கித் துளி துளியாகத் தள்ளும் சின்னச் சின்ன ஹீட்டர்கள் அவை. நீண்ட காலம் உழைப்பதற்காகச் செய்ததல்ல. சில ரீஃபிலுக்குப் பிறகு கருகும், கோடு விழும், மறுபடி புதுசுதான் வாங்க வேண்டும்.

எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் டேங்க் மாடலை முதலில் இறக்கியது ஏன் தெரியுமா? அங்கே கடைக்காரர்களே குழாய் போட்டு, வெளியே டப்பா வைத்து, கார்ட்ரிட்ஜ் பிரின்டரை டேங்க் பிரின்டராக மாற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். மக்கள் செய்ததைக் கம்பெனி பின்னால் வந்து செய்தது. கேனானின் டேங்க் பிரின்டரான ஜி வரிசை அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வந்தது. மாதம் முந்நூறு பக்கம் அடிப்பவர் இன்னும் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நிழற்படக்காரன்:
இரண்டு பேருமே மையின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. கடையில் லிட்டர் கணக்கில் விற்கும் பொது மை எல்லா பிரின்டருக்கும் பொருந்தாது. டை மை வேறு, பிக்மென்ட் மை வேறு. டை மை காகிதத்தில் ஊறி நிறமாகும், தண்ணீர் பட்டால் ஓடும். பிக்மென்ட் மையில் நுண்துகள் காகிதத்தின் மேல் உட்காரும், தண்ணீருக்கு ஓரளவு தாங்கும். டை மைக்கென்று செய்த ஹெட்டில் பிக்மென்ட்டை ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். நான் போட்டோ பிரின்ட் போட்டுக் கொடுக்கிறவன். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் வெளிறிப்போனால் யார் பதில் சொல்வது? ஒரிஜினல் மைக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

தஞ்சை டீச்சர்:
சார், நீங்கள் கல்யாணப் படம் போடுகிறீர்கள். நான் அடிப்பது அடுத்த வாரம் பழைய பேப்பர்காரரிடம் போகப்போகும் கேள்வித்தாள். அதற்கும் இதற்கும் ஒரே மை வேண்டுமா?

மைக்குப்பி சாருக்கு: டேங்க் பிரின்டர் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அதோடு, ஹெட் க்ளீனிங் செய்யும்போது போகும் மை எங்கே போகிறது என்று சொல்லுங்கள். மெஷினின் அடியில் ஒரு பஞ்சுப் பேட் இருக்கிறது, அதில்தான் போய்ச் சேர்கிறது. அதில் சேரும் மையைக் கணக்கிடும் கவுன்டர் நிறைந்ததும் பிரின்டர் ஓடாமல் நின்றுவிடும். அப்போது சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், இல்லை ரீசெட் செய்து தருகிறவரைத் தேட வேண்டும். அதுவும் கழிவுதானே?

மைக்குப்பி:
வேஸ்ட் பேட் பிரச்சினை உண்மை. அதனால்தான் வாங்கும்போதே அந்த வீண் மை சேரும், நாமே கழற்றி மாற்றக்கூடிய மெயின்டனன்ஸ் பாக்ஸ் உள்ள மாடலைப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். ஆனால் க்ளீனிங்கில் மை வீணாவது கார்ட்ரிட்ஜ் பிரின்டரிலும் உண்டு. கம்பெனி சொல்லும் 120 பக்கம் ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி, தொடர்ச்சியாக அடித்து எடுத்த கணக்கு. வீட்டில் பத்து நாளைக்கு ஒரு தடவை ஆன் செய்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மையை ஹெட் சுத்தம் குடிக்கிறது. எந்த இங்க்ஜெட்டாக இருந்தாலும் வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள், அடைப்பு வராது. கோடு விழுந்ததும் திரும்பத் திரும்ப க்ளீனிங் கொடுக்காதீர்கள். முதலில் எந்த மைத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் நாசில் செக் பக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு தடவை கொடுத்துச் சில மணி நேரம் விடுங்கள்.

டோனர்கடை:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாதம் முந்நூறு பக்கம், அதுவும் கறுப்பு வெள்ளைக் கேள்வித்தாள். இதற்கு இங்க்ஜெட்டே எதற்கு, மேடம்? லேசர் வாங்குங்கள். ஜெராக்ஸ் கடைகளில் கேனான் எல்பிபி 2900 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எச்பி 1020ம் அப்படித்தான். இரண்டுக்கும் 12ஏ வகை டோனர் (மைத்தூள்) கார்ட்ரிட்ஜ்தான். 12ஏ புதுசுக்கு 2,000 பக்கம் என்பது கணக்கு. கார்ட்ரிட்ஜை மெஷினுக்கு அடையாளம் காட்டும் சிப் அதில் கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பலாம், எந்த மெஷினும் தகராறு செய்யாது. என் கடையில் ரீஃபிலுக்கு 300 ரூபாய்.

ஆனால் பவுடரை மட்டும் ஊற்றிக் கொடுக்கிறவரிடம் போகாதீர்கள். கார்ட்ரிட்ஜை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் டோனர் தொட்டி, மேக்னெட்டிக் ரோலர், டாக்டர் பிளேடு. இன்னொரு பக்கம் டிரம், சார்ஜ் ரோலர், வைப்பர் பிளேடு, அதற்குப் பின்னால் வேஸ்ட் தொட்டி. பவுடரைப் பேப்பருக்குக் கடத்தும் உருளைதான் டிரம். அதில் மிஞ்சிய பவுடரை வைப்பர் பிளேடு வழித்து வேஸ்ட் தொட்டியில் தள்ளும். அதைக் காலி செய்யாமல் புது டோனர் மட்டும் போட்டால் ஒரு கட்டத்தில் நிரம்பி வழிந்து, பேப்பர் முழுக்கக் கறுப்பாகச் சிந்தும். "ரீஃபில் செய்தால் பிரின்டர் கெட்டுவிடும்" என்ற பேச்சு பாதி இப்படி வந்ததுதான். டிரம் தேய்ந்தால் டிரம்மை மட்டும் மாற்றலாம், பிளேடு போனால் பிளேடை மட்டும். ஒரே பிளாஸ்டிக் கூடு வருடக்கணக்கில் உழைக்கும். முக்கியமாக, டோனர் காயாது. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சும்மா இருந்தாலும் ஜூனில் முதல் பக்கமே பளிச்சென்று வரும்.

பசுமைவழி:
டோனர்கடை அண்ணா, அந்த வேஸ்ட் பவுடரை என்ன செய்கிறீர்கள்? டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். கறுப்பு நிறத்துக்கு அதில் சேரும் கார்பன் பிளாக்கை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. கடையில் முகக்கவசம்கூட இல்லாமல் பையன்கள் அதை ஊதித் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மறுபயன்பாடு என்ற பெயரில் அந்தப் பையன்களின் நுரையீரலைப் பணயம் வைக்கக் கூடாது.

டோனர்கடை:
நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, தம்பி. எங்கள் கடையில் வாயால் ஊதிச் சுத்தம் செய்ய விடுவதில்லை. டோனருக்கென்று ஃபில்டர் உள்ள வேக்யூம் வைத்திருக்கிறோம். வீட்டு வேக்யூமில் போட்டால் தூள் ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பரவும். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும், வெந்நீரில் கழுவினால் ஒட்டிக்கொள்ளும். வேஸ்ட் தூளை இறுக்கிக் கட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கிறோம். எல்லாக் கடையும் இப்படிச் செய்வதில்லை என்பதும் உண்மை.

பசுமைவழி:
நன்றி, அண்ணா. இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை எல்லோரும் வாங்குகிறவர் என்ன செய்யலாம் என்றுதான் பேசினோம். செய்கிறவர்களை யார் கேட்பது? மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் "கார்ட்ரிட்ஜ் உட்பட பிரின்டர்கள்" என்று எழுத்திலேயே இருக்கிறது. அதாவது காலிக் கார்ட்ரிட்ஜைக் கையாளும் பொறுப்பு உற்பத்தியாளருக்கும் உண்டு. ஆனால் எத்தனை ஊரில், எந்தக் கடையில் காலிக் கார்ட்ரிட்ஜ் போட ஒரு பெட்டி இருக்கிறது? கவுன்டரில் புதுசைக் கொடுக்கிறவரிடம் பழசை நீட்டிப் பாருங்கள், திருப்பி நம் கையிலேயே கொடுப்பார்.

அதைவிட மோசம் சிப். 2016 செப்டம்பரில் எச்பி, பிரின்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் மூலம் பல ஆபீஸ்ஜெட் மாடல்களில் வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜுகளை வேலை செய்யாமல் தடுத்தது. முந்தின நாள்வரை ஓடிய கார்ட்ரிட்ஜ் அது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் அந்தக் கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது.

நிழற்படக்காரன்:
கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நாலாயிரத்துக்கு பிரின்டர், ஸ்கேனர், காப்பியர் மூன்றும் சேர்ந்து எப்படிக் கிடைக்கிறது? மெஷினை லாபமில்லாமல் கொடுத்து மையில் எடுக்கிறார்கள். மையும் வெளியே வாங்குவோம் என்றால் மெஷின் விலை ஏறும். ஏறினால் வீட்டுக்கு ஒரு பிரின்டர் வாங்க முடியாத குடும்பங்கள்தான் பாதிக்கப்படும். எச்பி தலைவரே 2024 ஜனவரியில், ஒருவர் பிரின்டர் வாங்குவது நாங்கள் அவர் மேல் போடும் முதலீடு, அவர் எங்கள் மை வாங்காவிட்டால் அது மோசமான முதலீடு என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். ஒளித்து எதையும் செய்யவில்லை.

பசுமைவழி:
வெளிப்படையாகச் சொன்னதால் நியாயமாகிவிடாது, சார். காசு கொடுத்து வாங்கிய பிறகு பொருள் என்னுடையது. இதைத்தான் 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில் சொன்னது. லெக்ஸ்மார்க் சில டோனர் கார்ட்ரிட்ஜுகளைத் தள்ளுபடியில் விற்று, திரும்ப நிரப்பக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் காலிகளை வாங்கி நிரப்பி விற்றது. விற்ற கணமே காப்புரிமையின் பிடி விட்டுப்போகிறது, அப்புறம் அதை வைத்துத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

சிப் தரத்துக்காக என்பவர்களுக்கு இன்னொன்று. 2022 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாடு வந்தபோது, கேனான் ஜெர்மனியில் சிப் இல்லாத டோனரையே அனுப்பியது. திரையில் எச்சரிக்கை வந்தால் தள்ளிவிட்டு அச்சிடலாம், அச்சுத் தரம் பாதிக்காது, டோனர் அளவு மட்டும் சரியாகக் காட்டாமல் போகலாம் என்று வாடிக்கையாளருக்கு வழியும் சொல்லிக்கொடுத்தது. சிப் இல்லாமல் அச்சு ஓடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோவை குடும்பஸ்தன்:
எனக்கு மாதம் இருபது பக்கம் தேறினால் அதிகம். பையன் ப்ராஜெக்ட், எப்போதாவது ஆதார் நகல். டேங்க்கா லேசரா?

டோனர்கடை:
இரண்டும் வேண்டாம், சார். தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும். ஆதார், பேங்க் பேப்பர் அனுப்பினால் பிரின்ட் எடுத்ததும் கடை போனிலிருந்து அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மைக்குப்பி:
இதில் நானும் டோனர்கடையோடுதான். டீச்சர், எந்த மெஷினாக இருந்தாலும் கேள்வித்தாளுக்கு மை குறைவாக எடுக்கும் டிராஃப்ட் மோடு வையுங்கள். ஃபான்டையும் மாற்றுங்கள். 2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் கிரீன் பே பல்கலைக்கழகம் மை மிச்சத்துக்காகவே மின்னஞ்சலின் இயல்பான எழுத்தை ஏரியலிலிருந்து செஞ்சுரி காதிக்குக்கு மாற்றியது.

தஞ்சை டீச்சர்:
ஆங்கில எழுத்தில் அது சரி. தமிழில் லதா ஃபான்டை விட்டு விஜயா ஃபான்டுக்கு மாற்றினால் மை குறையும், ஏன் என்று பார்த்தீர்களா? அதே பாயின்டில் விஜயா எழுத்தே பொடியாக இருக்கும். படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினால் மிச்சம் பெரும்பாலும் போய்விடும். லகரம், ளகரம் தெளிவாகத் தெரியாவிட்டால் பிள்ளை கேள்வியையே தப்பாகப் படிப்பான். நான் செய்வது வேறு. தலைப்பைத் தவிர எங்கும் போல்டு கிடையாது, கட்டம் போட்டுக் கறுப்பு நிரப்புவதில்லை, பேப்பரின் இரண்டு பக்கமும் அடிப்பேன்.

டோனர்கடை அண்ணா, பழைய 2900 விலைக்கு வந்தால் என்ன பார்த்து வாங்க வேண்டும்? புது மெஷின் வாங்கிக் குப்பையைக் கூட்டுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் மெஷினை ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருக்கிற இங்க்ஜெட்டை விற்கப்போவதில்லை. கலர் படம் உள்ள தாளுக்கு அது இருக்கட்டும்.

மைக்குப்பி:
இரண்டு மெஷினா? ஒரு டேங்க் வாங்கினால் இரண்டும் முடிந்ததே. இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவே மாட்டேன்.

டோனர்கடை:
மேடம், 2900 யுஎஸ்பி மட்டும்தான், போனிலிருந்து நேராக அடிக்க வராது, அதைத் தெரிந்து வாங்குங்கள். விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் இருபது பக்கம் தொடர்ந்து அடித்துப் பாருங்கள். பேப்பர் எடுக்காமல் திணறினால் பிக்அப் ரோலர் தேய்ந்திருக்கிறது, செலவு கொஞ்சம்தான். மேலிருந்து கீழ் மெல்லிய கறுப்புக் கோடு வந்தாலோ, ஒரே இடைவெளியில் அதே புள்ளி திரும்பத் திரும்ப வந்தாலோ அது டிரம், பிளேடு வேலை. கார்ட்ரிட்ஜில் சரியாகிவிடும், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். எழுத்தைக் கையால் தேய்த்தால் உதிர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உதிர்ந்தால், பவுடரைச் சூட்டில் பேப்பரில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் சூடேறவில்லை. அந்த மெஷினை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.