தோப்பில் தீ மூட்டத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடி பக்கம் எங்கள் தோப்பில் போன சனிக்கிழமை இரவு, லீவுக்கு வந்த பிள்ளைகளோடு தீ மூட்டி உட்காரலாம் என்று போனோம். கையில் ஒரு தீப்பெட்டி, ஒரு அரிவாள், குடத்தில் தண்ணீர். அவ்வளவுதான். (காப்புக்காட்டில் தீ வைக்கக்கூடாது என்று தெரியும், இது சொந்த இடம்.)

பாதித் தீப்பெட்டி காலி. தைல மரச் சருகு குப்பென்று பிடித்தது, நாலு எண்ணுவதற்குள் சாம்பல். மேலே அடுக்கிய சீமைக்கருவேல விறகோ ஓரத்தில் நுரை தள்ளிப் புகைந்ததோடு சரி. ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தேன், ‘சடக்’ என்று முறியாமல் நாராக வளைந்தது. பட்டைக்குள் இன்னும் பச்சை. அப்பத்தாவிடம் சொன்னால், "சுள்ளி பொறுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா நெருப்பு?" என்கிறார்.

அடுத்த வாரம் மறுபடி போகிறோம். பனிக்காலத்தில் நனைந்த விறகைப் பிளந்து உள்பக்கத்தை எரித்தால் போதுமா? முதலில் தேங்காய் நாரா, காய்ந்த பனையோலையா? விராட்டி வேண்டாம், அங்கே கிடைப்பதை வைத்தே மூட்ட ஆசை. சுற்றிலும் சருகு, அதனால் குழி தோண்டுவதா, தரையைச் செதுக்கினால் போதுமா? எவ்வளவு அகலம்? கண்மாய்க் கரையில் ஈரமாகக் கிடக்கும் கல்லைச் சுற்றி வைத்தால் சூட்டில் வெடிக்கும் என்கிறார்களே, அப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?